சந்தனமுத்திரை விழாத துடுப்பு

முன்னொரு காலத்தில் நீர்வளநாட்டை மகுடகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். தும்மினாலும் முரசறைந்து ஊருக்குத் தெரிவிப்பதே அவருக்கு முழுநேர வேலை. அந்த வேலைக்குத் தூபம் போட்டுக்கொண்டிருந்தவர் சடங்கதிகாரி விருதப்பர்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. கீழக்குப்பத்து ஜனங்கள் கோயில்மேட்டில் ஏறி உயிர் தப்பினார்கள். சேதி கேட்டதும் அண்டையிலிருந்த மேட்டுநாட்டார் அரிசி, அவல், கம்பளி, பரிசல் தள்ளத் துடுப்பு என்று அனுப்பிவைத்தார்கள். அவர்களே வரகும் சோளமும் தின்று பிழைப்பவர்கள். ஆனாலும் வெள்ளம் வடிந்ததும் விதைக்கட்டும் என்று விதைநெல்லையும் கட்டி அனுப்பியிருந்தார்கள். கீழக்குப்பம் மறுபடி விளையும் என்று அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை.

எல்லாம் அரண்மனைத் துறைக்கு வந்து பரிசல்களில் ஏறியது. ஏறி அப்படியே நின்றது. ராஜா தன் வலக்கையால் சந்தனமுத்திரை வைத்து, முரசு முழங்கிய பிறகுதான் எந்தப் பொருளும் ஆற்றைத் தாண்டலாம் என்று விருதப்பர் சட்டம் போட்டிருந்தார். அதற்கான நல்ல நேரம் நாலாம் நாள் காலையில்தானாம். முத்திரை இல்லாமல் கொடுத்தால் ஜனங்கள் மேட்டுநாட்டாரையல்லவா வாழ்த்துவார்கள் என்று அவர் காதோடு ஓதியது ராஜாவுக்குத் தேனாக இனித்தது.

பரிசல்காரி செம்பாயிக்கு வயிறு எரிந்தது. கோயில்மேட்டில் அவள் அக்கா பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகிறது. தாய்க்குக் கஞ்சியில்லை, பால் வற்றிவிட்டது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் துறைக்கு வந்தாள். வருகிற வழியில் சுழலில் துடுப்பும் போயிற்று. ஒரே ஒரு மூட்டை கொடுங்கள் என்று அவள் கெஞ்சியபோது, பொறுமை என்பது குடிமக்களுக்கு ஆபரணம் என்று விருதப்பர் உபதேசம் செய்தார். அவர் அப்போதுதான் பாயசம் குடித்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாம் நாள் ராஜாவுக்கு வெள்ளத்தை வேடிக்கை பார்க்கும் ஆசை வந்தது. காலியாக இருந்தது செம்பாயியின் பரிசல் ஒன்றுதான். துடுப்பு இல்லை என்றாள். ராஜா காத்திருக்கிறாரே என்ற பதற்றத்தில், வந்த பொருள்களிலிருந்து விருதப்பரே ஒரு துடுப்பை உருவிக் கொடுத்தார். அவள் துடுப்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ராஜாவோடு விருதப்பரும் ஏறிக்கொண்டார்.

நடு ஆற்றில் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் சுற்ற ஆரம்பித்தது. கரையுடைந்த இடத்தின் இரைச்சல் கிட்டத்தில் கேட்டது.

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் ராஜா.

"இது மேட்டுநாட்டார் அனுப்புன துடுப்பு மகாராஜா. முத்திரை விழல. தெரியாம இம்புட்டு தூரம் தள்ளிட்டேன். இனிமே தள்ளுனா சட்டத்த மீறுன பாவம்."

"இதோ, நானே தொட்டுவிட்டேன். ஓட்டு."

"சந்தனம் வேணும், முரசு வேணும். நல்ல நேரம் நாளைக்குக் காலையிலன்னு ஐயாதான் குறிச்சிருக்காரு."

பரிசல் இன்னும் வேகமாகச் சுழன்றது. விருதப்பர் பரிசல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "அடி பைத்தியக்காரி, உயிர் போகிற நேரத்தில் சடங்கு எதற்கு?" என்று கத்தினார்.

செம்பாயி ராஜாவைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு நாளா மேட்டுல இருக்கறவங்களும் இதத்தான் கேக்கறாங்க மகாராஜா."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. "கரைக்குப் போ. எல்லாப் பரிசலையும் அவிழ்த்துவிடச் சொல்கிறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் துடுப்பு தண்ணீரில் இறங்கியது.

அன்று மாலைக்குள் எல்லாம் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி வெள்ள காலத்தில் துறையும் பரிசல்களும் செம்பாயியின் சொல்படிதான் என்று ராஜா உத்தரவிட்டார். வெள்ளம் வடியும்வரை மேட்டில் கஞ்சி கிண்டும் வேலை விருதப்பருக்கு. முதல் அகப்பைக் கஞ்சி செம்பாயியின் அக்காவுக்குப் போயிற்று.

ராஜாவும் தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு மேடேறினார். அடையாளம் கண்டு யாராவது வாழ்த்துவார்கள் என்று கொஞ்சம் நின்றும் பார்த்தார், பழக்கதோஷம். சேறு அப்பிய ஒருத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்க எறக்கிட்டு அடுத்ததத் தூக்கியா, வெரசா" என்றான்.

ராஜா மூட்டையை இறக்கினார். பிறகு அடுத்த மூட்டைக்காக இறங்கிப் போனார். பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் முரசில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.