வரிசையில் நாற்பத்தொன்று

"என் கம்ப்யூட்டரை வெளியே தள்ளிடுங்க டீச்சர்," என்றார் தேவசகாயம்.

குந்தவை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் சார், அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருபது வருஷம் இருந்தவரை இரண்டு வருஷத்துக்கு முன் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். மௌஸ் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவள் அவள். அதனால் டீச்சர்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசை அவர்கள் பொறுப்பில் இருந்தது. தஞ்சாவூர், மதுரை, நெல்லை, மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே வரிசை. ஊருக்கு ஒரு சர்வர்; தஞ்சாவூர், நெல்லை சர்வர்களை இவர்கள் இருவரும் தஞ்சாவூரிலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டும் அந்த நொடியே எழுதிக்கொள்ளும்.

அன்று காலை மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. 'நானும் உங்களில் ஒருவன்' என்று எந்தக் கணினி வந்து நின்றாலும், பாஸ்வேர்டு கேட்காமல் மூன்றும் சேர்த்துக்கொள்கின்றன. அது எதை மாற்றினாலும் மாற்றிக்கொள்கின்றன. மாற்றியது யார் என்ற தடம்கூட இருக்காது. சரிசெய்ய இரண்டு வாரமாகும். அதுவரை, தெரிந்த கணினிகளைத் தவிர மற்றவற்றுக்குக் கதவைச் சாத்தி வையுங்கள்.

குந்தவை சாத்திவிட்டாள். தெரிந்தவை ஐந்து. மூன்று சர்வர், அவள் கணினி, அவர் கணினி.

"வெளியாள் வராம சாத்தியாச்சு," என்றார். "உள்ளே இருக்கிற ஆளுக்கு?"

"உள்ளே யாரு சார்?"

"நான்தான்."

இப்போது அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"ரோஸ்லின் அந்த வரிசையில இருக்கா. நாற்பத்தொண்ணு."

மனைவியின் பெயரை அவர் அலுவலகத்தில் சொன்னதே இல்லை.

"நேத்து டயாலிசிஸ் முடிச்சு வந்தா. மூணு படி ஏறினா. நாலாவது படியில உக்காந்துட்டா. காலையில எச்சரிக்கையைப் படிச்சேன். எல்லாருக்கும் அது ஓட்டை. எனக்கு வழியா தெரிஞ்சுது டீச்சர்."

"மாத்திட்டீங்களா?"

"நாலுன்னு அடிச்சேன். அப்புறம் நாலுல யாரு இருக்கான்னு பாத்தேன். பத்தொன்பது வயசுப் பொண்ணு. அழிச்சுட்டேன்." விரல்களை மடக்கிக்கொண்டார். "நாளைக்குப் பாக்காம அடிச்சாலும் அடிச்சுடுவேன்."

"உங்களை எடுத்துட்டா நெல்லை சர்வரை யாரு எழுப்புவா? போன மாசம் மூணு தடவை படுத்துச்சு. ரோஸ்லின் அக்காவுக்கு டயாலிசிஸ் எத்தனை மணிக்குங்கிறதும் இந்த சர்வருங்கள்லதான் ஓடுது."

"நீங்க இருக்கீங்களே."

"எனக்குக் காய்ச்சல் வந்தா?"

அவர் தன் மௌஸைத் தள்ளி வைத்தார்.

"என்னை நம்பாதீங்க டீச்சர்."

"நம்பல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னையும்தான் நம்பல. ஒரு வருஷம் எங்கம்மா ஏழாவது இடத்துல இருந்தாங்க. எனக்கு ஓட்டையே தேவைப்படல. சாவியே என்கிட்டதான் இருந்துச்சு."

அவள் அம்மா இறந்துபோனது அவருக்குத் தெரியும். வரிசையில் இருந்தது தெரியாது.

"எப்படிம்மா இருந்தே?" என்றார். டீச்சர் என்று வரவில்லை.

"அம்மா எத்தனையாவது இடத்துல இருக்காங்கன்னு தினமும் வேற ஒருத்தரைப் பாத்துச் சொல்லச் சொன்னேன் சார்," என்று குந்தவை போனை எடுத்தாள். மதுரை சர்வரைப் பார்த்துக்கொள்ளும் முத்திருளனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு குந்தவை. கதவெல்லாம் சாத்திட்டியாம்ல?"

"சாத்தியாச்சுண்ணே. சகாயம் சார் பேசணுமாம்."

போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தேவசகாயம் குனிந்து, "சார், வரிசையில நாற்பத்தொண்ணைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றார்.

விசைகள் தட்டும் சத்தம்.

"ரோஸ்லின்... ரோஸ்லின் தேவசகாயம்." குரல் தணிந்தது. "சார்?"

"என் வீட்டுல. அவ எங்க இருக்கான்னு தினமும் நீங்க பாத்துச் சொல்லணும் சார். மேல யாருக்காவது கிடைச்சு, அவ ஏறினா ஏறட்டும். என் கையால ஏறக் கூடாது."

குந்தவை மேஜையைப் பார்த்தபடி இருந்தாள்.

"தினம் பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன் சார்," என்றார் முத்திருளன். "நம்பரைச் சொல்லிட்டு, ராத்திரி தூங்குனாங்களா, என்ன சாப்பிட்டாங்கன்னு கேப்பேன். சொல்லுவீங்கல்ல?"