ஆவுடையம்மாளின் பத்தியம்

ஆவுடையம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். இப்போது தையல் ஓரத்தில் சீழ் கசிந்தது. காய்ச்சல் இல்லை. ஆனால் கிழவிக்குச் சோறும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்றாகிவிட்டது. சீழ் தகடுவரை இறங்கினால் மறுபடி திறக்க வேண்டும். அதை அந்த உடம்பு தாங்காது.

மேல்படிப்புக்கு வந்திருந்த டாக்டர் இருதயராஜ், தன் ஆசிரியை டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய் நின்றார். கிராமத்து ஆஸ்பத்திரியில் காலம் தள்ளிவிட்டு வந்தவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர், கோபத்திலும்தான்.

“மேடம், புண்ணைத் தினமும் சுத்தம் பண்றேன். சீழைப் பரிசோதிச்சு அதுக்கேத்த மருந்தும் போகுது. ஆனா மருமக வெறும் அரிசிக் கஞ்சிதான் கொடுக்கா. முட்டை, பருப்பு, மீனு கொடுத்தா சீழ் வைக்குமாம். சத்து இல்லாம புண்ணு எப்படி ஆறும்? படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். நல்லாத் தலையை ஆட்டுறா, முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துடறா. இவளை என்ன பண்றது?”

“சாயங்காலம் சொந்தக்காரங்க வர்ற நேரத்துல என்கூட வாங்க” என்றார் மெஹருன்னிசா.

சாயங்காலம் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். மருமகள் சண்முகக்கனி டம்ளரும் கையுமாக ஓரத்தில் நின்றாள். கிழவியின் மகள் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“மயினி, பத்தியம் தப்பலல்லா? அம்மைக்கு ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும்.”

சண்முகக்கனி தரையைப் பார்த்தாள்.

மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையை உரித்தார். கிழவியை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டினார்.

“என்ன டாக்டரம்மா, சீழ் வச்சிராதா?” என்றாள் மகள்.

“வைக்காது. புண்ணு ஆறத்தான் இது. ஆறலன்னா என் வாசல்ல வந்து கேளுங்க. கொடுக்கச் சொன்னது நான், ஊட்டினதும் நான். இந்தப் பொண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.”

சண்முகக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்ச முட்டையை அவர் கையிலிருந்து வாங்கி அத்தைக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேவிட்டார்.

“நானும் இதையேதான் சொன்னேன், மேடம். நீங்க சொன்னா மட்டும் ஏன் கேட்டா?”

“முட்டையை அவ கையில கொடுத்தீங்க சார். பழியையும் அவ கையிலேயே விட்டுட்டீங்க.”