எத்தனை சதவீதம் போடுவது

கார் இஞ்சின்களின் பலத்தை அளந்து சொல்லும் எஸ்தரிடம் சென்னியப்பன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. குருவுக்கு முப்பத்தேழு.

கோயம்புத்தூரில், பைபாஸை ஒட்டி எஸ்தரின் பட்டறை. தரையில் பதித்த இரண்டு பெரிய உருளைகள். அவற்றின் மேல் காரின் முன் சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். வண்டி அங்குலம் நகராது. உருளை சுற்றும். பக்கத்தில் உள்ள திரை, சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேர்ந்தது என்று சொல்லும்.

இஞ்சினிலிருந்து எவ்வளவு புறப்பட்டது என்று அது சொல்லாது. கியர் பாக்ஸ் கொஞ்சம் தின்னும், அச்சு கொஞ்சம் தின்னும், டயர் கொஞ்சம் தின்னும். மிச்சம்தான் உருளைக்கு. தின்றது எவ்வளவு என்று யாரும் மெனக்கெட்டு அளப்பதில்லை. நூற்றுக்குப் பதினைந்து போயிருக்கும் என்று ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். வயதைக் குறைத்துச் சொல்லும் ஆண்கள் வண்டியின் பலத்தைக் கூட்டிச் சொல்லுவார்கள் என்பதால் இந்தப் பதினைந்து பலருக்கு இருபதாகவும் ஆகிவிடும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று சனிக்கிழமை காலை. உருளை மேல் நின்றது சென்னியப்பனின் மகள் நித்திலாவின் வண்டி. மறுநாள் அவளுக்குப் பந்தயம். இரண்டு வருடமாகக் காத்திருந்த பந்தயம்.

திரையில் நூற்று எழுபத்திரண்டு என்று வந்தது.

சென்னியப்பன் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"என்னாச்சுங்ணா?" என்றாள் எஸ்தர்.

"இஞ்சினோட நெசமான பவர் எவ்வளவுங்க மாஸ்டர்?"

"தெரியாதுங்ணா. நீங்க எப்பவும் எவ்வளவு போடுவீங்க?"

"பதினஞ்சு. அப்படிப் போட்டா இருநூத்தி ரெண்டு வருது."

"இந்த கிளட்ச் எவ்வளவு தாங்கும்?"

"இருநூத்திப் பத்து."

"அப்ப சரியாத்தானே இருக்கு? எழுதுங்க."

அவர் எழுதவில்லை. "தின்னது பதினஞ்சா இல்லாம இருபதா இருந்தா?"

"இருநூத்திப் பதினஞ்சு ஆயிரும்."

"கிளட்ச் வழுக்கும்ங்க. வழுக்கினா சூடேறும். அந்தச் சூட்டுல ப்ளைவீல் விரிசல் விட்டுச்சுன்னா..." ப்ளைவீல் என்பது இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்பு வட்டு. ஓட்டுபவரின் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் சுற்றும். உடைந்தால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். ஒருமுறை அப்படி உடைந்த வண்டியை இதே பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சென்னியப்பன் பெடலைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

எஸ்தர் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்ணா. இந்த ஓட்டம் நீங்க ஓட்டுங்க."

வழக்கமாக அவள்தான் ஓட்டுவாள். அவர் திரையைப் பார்ப்பார். இன்று இடம் மாறியது. அவர் ஏறி உட்கார்ந்தார். பட்டைகள் விறைத்தன. நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இஞ்சின் அலறியது. தகரக் கூரை அதிர்ந்தது. முள் ஏறிக்கொண்டே போனது. பாதத்துக்கு முன்னால் அந்த வட்டு சுற்றுவதை அவரால் பார்க்க முடியாது. ஆனால் அதைத் தவிர வேறெதையும் அவரால் நினைக்க முடியவில்லை.

கால் தானாக மேலே வந்துவிட்டது.

"ஏன் எடுத்தீங்க?"

"முடியலீங்க மாஸ்டர்."

"பதினஞ்சுன்னு சொன்னீங்களே?"

நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"சரி, எறங்குங்க. நான் ஓட்டறேன். நீங்க திரையைப் பாருங்க."

அவள் முழு வேகம் வரை கொண்டுபோனாள். உச்சியில் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரை எடுக்காமல் கிளட்சை மட்டும் மிதித்தாள். இஞ்சின் பிரிந்துகொண்டது. சக்கரமும் உருளையும் மட்டும் தங்கள் போக்கில் சுற்றி, மெல்ல மெல்லத் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சியை இயந்திரம் அளந்துகொண்டிருந்தது. எது எவ்வளவு தின்கிறது என்பது வேகம் இறங்கும்போதுதான் தெரியும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. அதற்குள் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

உருளை நின்றது.

"என்ன காட்டுது?"

"நாப்பத்தி மூணுங்க."

"கூட்டுங்க."

நூற்று எழுபத்திரண்டும் நாற்பத்து மூன்றும். அவர் உதடுகள் அசைந்தன. "இருநூத்திப் பதினஞ்சு."

"இதுவும் குறைஞ்ச கணக்குத்தான். இஞ்சின் இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் தின்னும்."

சென்னியப்பன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல மூச்சு வந்தது.

"நித்திலா அம்மணி அழுவாளுங்க."

"அழட்டும். வேற கிளட்ச் வர ஒரு வாரம் ஆகும்."

"ஆமாங்க. அழட்டும். அடுத்த பந்தயத்துக்குப் போய்க்கலாம்." அவருக்குச் சிரிப்புகூட வந்தது. தன் பிள்ளை தப்பித்த பிறகு மனிதனுக்கு உலகம் நல்லதாகத் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இப்போது அவருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். சில பேரு நிக்கக்கூட மாட்டாங்க. சீக்கிரம் சீக்கிரம்னு பறப்பாங்க. இப்படி எறங்க விட்டு அளக்க நேரம் இருக்காது. அந்த மாதிரி வண்டிக்கு எத்தனை சதவீதம் போடறதுங்க?"

எஸ்தர் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வியாழக்கிழமை நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேனே. வண்டி எதும் வந்துச்சுங்ளா?"

"ஒண்ணு வந்துச்சுங்க. போத்தனூர் ரியாஸ்னு ஒரு பையன்."

"என்ன வண்டி?"

"இதே வண்டிதான்."

"கிளட்ச்?"

"இதே..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் நிமிர்ந்தாள். "உருளையில எவ்வளவு வந்துச்சு?"

"நூத்தி எழுபத்தஞ்சு." குரல் இறங்கிவிட்டது. இது நித்திலாவின் வண்டியைவிட மூன்று அதிகம்.

"எறங்க விட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. அவசரம்னு சொன்னான். கிளட்ச் தாங்குமாண்ணான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருநூத்தி ஆறுதான் வருது, தாராளமா போன்னு சொன்னேன்."

"எங்க போறான்?"

சென்னியப்பன் வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"இதே பந்தயம்தாங்க. இன்னிக்குக் காலையில இருந்து ப்ராக்டீஸ்."

சற்று முன்பு தன் மகளுக்காக வந்த பயம் இப்போது திரும்பி வந்தது. இந்த முறை அது போக இடமில்லாமல் அவருக்குள்ளேயே நின்றது.

"எத்தனை போட்டிருக்கணும்ங்க மாஸ்டர்?" என்றார். "சொல்லுங்க. எத்தனை போட்டிருக்கணும்?"

எஸ்தர் மேசை மேல் இருந்த அவருடைய செல்போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போன் போடுங்ணா."