கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு இல்லை

ஆமணக்குப்பட்டியில் புத்திக்குப் பஞ்சம் வந்த வருஷம் எது என்று கேட்டால், வராத வருஷம் எது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊர்க் கூட்டாளிகள் மூன்று பேர், மாடக்கண்ணு, சடையாண்டி, உலகப்பன், கரிசல் காட்டை விற்று டவுனில் ஒரு வீடு வாங்கிக் குடியும் போனார்கள். பாதி வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் இன்னொரு வீடு, அப்புறம் ஒரு தெரு என்று வளர்வதாகத் திட்டம்.

மாடக்கண்ணுவுக்குத் தெரு வேண்டாம், பூரணம் போதும். அவள் மேல் உயிரையே வைத்திருந்தான், பாவம். அவள் அப்பா திருமலைக்கொழுந்து கறாராகச் சொல்லியிருந்தார்: "முதல் வாடகையோட வா மாப்ளே, பொண்ணு உனக்குத்தான். தை பொறக்குற வரைக்கும் பாப்பேன்."

தரகர் அம்பலவாணன் மூவரையும் உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "குடி வர்றவனைப் பத்தி பழைய வீட்டுக்காரர்கிட்ட விசாரிங்க. கல்யாணம் ஆகாதவங்களை மட்டும் வாசப்படி ஏத்தாதீங்க. ஆள் யாரா இருந்தாலும் சரி."

வீடு திரும்பிய சடையாண்டி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நமக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லையே," என்றான் உலகப்பன்.

"அப்ப எப்படி உள்ள போறது?"

"நாமதானப்பா வீட்டுக்காரங்க?"

"ஆள் யாரா இருந்தாலும்னு சொல்லிட்டாரே."

மாடக்கண்ணுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாமான்களெல்லாம் உள்ளே கிடந்தன. ஜன்னல் வழியாகத் துரட்டியை விட்டுப் பாய், தலையணைகளை இழுத்தார்கள். சோற்றுப்பானை கம்பிக்குள் நுழையவில்லை. அதை உடைத்து வாங்கிக்கொண்டு எதிர் வேப்பமரத்தடிக்குக் குடிபோனார்கள்.

வீடு கேட்டு ஒரு வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். மூவரும் அவருடைய பழைய வீட்டுக்காரரிடம் போய் விசாரித்தார்கள்.

"தங்கமான மனுசன். போறாரேன்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது," என்று கிழவர் கண்ணைத் துடைத்தார்.

உலகப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "ஒரு பெரியவரைப் பட்டினி போட்டுட்டு நாம வாடகை வாங்கணுமா?" வாத்தியாரைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்துப் பெண்டாட்டியோடு வந்தவனைப் பற்றிப் பழைய வீட்டுக்காரர், "அந்தத் திருட்டுப்பய தொலைஞ்சா கோயிலுக்குக் கிடா வெட்டுவேன்" என்றார். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லையென்று அன்றைக்கே சாவியைக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அவன் குழாய், ஃபேன், கதவு நாதாங்கி வரை கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசியில் திருமலைக்கொழுந்து மகளோடு வீட்டைப் பார்க்க வந்தார். சடையாண்டி வாசலை மறித்தான்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

திருமலைக்கொழுந்து மாடக்கண்ணுவைப் பார்த்தார். "இவனுக்குத்தானே பேசிக்கிட்டு இருக்கோம்?"

"அப்ப இன்னும் ஆகல. நீங்க வரலாம், பொண்ணு வரக்கூடாது."

"சட்டம்னா சட்டம்தான் மாமா," என்றான் மாடக்கண்ணு. வீடு காலியாகக் கிடந்தால் வாடகை ஏது, வாடகை இல்லாமல் பூரணம் ஏது? தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தவன் முகம் சட்டென்று மலர்ந்தது.

"மாமா, தரகர் மகனுக்குப் பொண்ணு பாக்குறாங்க. நல்ல பையன், அரசாங்க உத்தியோகம். பூரணத்தை அவனுக்குக் கட்டிவைங்க. சோடியா இங்கேயே குடி வரட்டும். வாடகை தவறாம வந்துரும்."

திருமலைக்கொழுந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள், "எனக்குச் சம்மதம்பா" என்றாள்.

கல்யாண வேலை முழுவதையும் மாடக்கண்ணு இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தான். வாழைமரம் கட்டியது அவன், பந்தியில் பாயசம் ஊற்றியது அவன். கார்த்திகையில் பூரணமும் புருஷனும் குடி வந்தார்கள். மாசம் முடிந்ததும் பூரணமே மரத்தடிக்கு வந்து வாடகையைக் கொடுத்தாள்.

தை பிறக்க இன்னும் ஒரு மாசம் இருந்தது. மாடக்கண்ணு தலைமுழுகி, பட்டுவேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வாடகையையும் வைத்துக்கொண்டு திருமலைக்கொழுந்து வீட்டுக்குப் போனான்.

"மாமா, முதல் வாடகை வந்துருச்சு. எனக்கும் பூரணத்துக்கும் முகூர்த்தத்தை எப்ப வச்சுக்கலாம்?"