மருதமரத்து ஏழு பொந்துகள்

கல்லோடைக் காட்டில் ரொம்ப வருஷமாகக் கிளியே கிடையாது. முன்பு இருந்த கிளிகளை வலைக்காரர்கள் ஒன்று விடாமல் பிடித்துச் சந்தையில் விற்றுவிட்டார்கள்.

இந்த வருஷம் தை மாசம் வனத்துறைக் காக்கிச் சட்டைக்காரர்கள், வீட்டுக் கூண்டுகளிலிருந்து மீட்ட அஞ்சு ஜோடிக் கிளிகளைக் கொண்டு வந்தார்கள். ஓடைக்கரையில் பெரிய கம்பிக்கூண்டு போட்டு, ஒரு மாசம் காட்டுப் பழம் கொடுத்துப் பழக்கினார்கள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

காடே கூடி வரவேற்றது. மயில் ஆடியது. குரங்கு அத்திப்பழம் பறித்துப் போட்டது. காட்டுக்குத் தலைவரான கடமான், "வாங்க, வாங்க! விருந்தாளிங்க வந்ததுல எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்!" என்று நீளமாகப் பேசினார்.

பவளாயி என்ற பெண் கிளிக்கு விருந்தில் மனசே இல்லை. அவள் வயிற்றில் முட்டை இருந்தது. மூன்று நாளில் இட்டாக வேண்டும். கிளி காக்கா மாதிரிக் குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. அதற்கு மரப்பொந்துதான் வேண்டும்.

அவள் அம்மா இந்தக் காட்டில் பிடிபட்டவள். "ஓடை வளையுற இடத்துல ஒரு மருதமரம். அதுல ஏழு பொந்து. அதுதான்டி நம்ம வீடு" என்று கூண்டுக்குள் இருந்தபடி சொல்லிச் சொல்லியே செத்துப்போனாள்.

பவளாயி தன் ஜோடி பச்சையப்பனைக் கூட்டிக்கொண்டு பறந்தாள். மருதமரம் இருந்தது. ஏழு பொந்தும் இருந்தன.

"ஏய்! யாரைக் கேட்டு இங்க உட்கார்ந்தே?" என்று பாய்ந்து வந்தது சடச்சி மைனா.

"ஒரே ஒரு பொந்து வேணும் அக்கா. முட்டை இடப் போறேன்."

"இடமே இல்ல! ஏழும் என்னோடது!"

பவளாயி எட்டிப் பார்த்தாள். ஒரு பொந்தில் மூன்று மைனாக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மற்ற ஆறிலும் காய்ந்த புல், பாம்புச் சட்டை, மிட்டாய்க் காகிதம், கிழிந்த பிளாஸ்டிக் பை!

"இதெல்லாம் வெறும் குப்பைதானே அக்கா?"

"குப்பையா? என் சாமான்டி அது! இது என் மூத்தவனுக்கு. அது நடுவுளவனுக்கு. அது கடைக்குட்டிக்கு."

"மீதி மூணு?"

"இனிமே பொறக்கப் போறதுக்கு!"

பச்சையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. பாவம், வீட்டுக் கூண்டில் வளர்ந்தவன். பழக்க தோஷத்தில், "யாரது? யாரது?" என்று மனுஷக் குரலில் கத்திவிட்டான்.

சடச்சி விழுந்து விழுந்து சிரித்தது. "இதுவா காட்டுக்கிளி? போப்பா, போய் ஜோசியர் கிட்ட சீட்டு எடு!"

பவளாயி கடமானிடம் போய் முறையிட்டாள். எல்லா மிருகமும் பறவையும் மருதமரத்தடியில் கூடின.

"நீ நேத்து வந்தவ. சடச்சி பல வருஷமா இருக்கா" என்றார் கடமான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"முட்டை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமா ஐயா?"

"அப்படி உங்க பொந்துன்னா ஏன் விட்டுட்டுப் போனீங்க?" என்று சடச்சி குறுக்கே பாய்ந்தது. "ஓடிப் போனவங்களுக்கு இங்க என்ன பேச்சு?"

பவளாயி நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஓடிப் போனோமா! எங்க அம்மாவைக் காலைக் கட்டி, சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க! இந்தக் காடே பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? ஒருத்தர், ஒரே ஒருத்தர் சத்தம் கொடுத்தீங்களா? இப்ப விருந்தாளின்னு பழம் வைக்கிறீங்க! விருந்தாளி இல்லைங்க நான். இந்த வீட்டுக்காரி!"

குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. மயில் தோகையை மெல்ல மடக்கியது.

சடச்சி மட்டும் அசரவில்லை. "சாட்சி இருக்கா? இது என் பாட்டன் குடைஞ்ச பொந்து!"

பவளாயி பொந்தின் வாயைப் பார்த்தாள். வட்டமாக, சுற்றிலும் கடித்த தடம்.

"உன் பாட்டன் குடைஞ்சதா? சரி. நீ அவர் பேத்திதானே? இந்த மரத்தைக் கொஞ்சம் குடைஞ்சு காட்டு!"

சடச்சிக்குப் பின்வாங்க வழி இல்லை. டொக்! டொக்! டொக்! மூக்கு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பவளாயி பொந்தின் ஓரத்தில் தன் வளைந்த மூக்கை வைத்துக் கடித்தாள். கறக்! மரத்தூள் கடமானின் கொம்பில் கொட்டியது.

"இப்ப எல்லாரும் பாருங்க! என் தடமும் பழைய தடமும் ஒண்ணா, இல்லையா?"

ஒன்றுதான். குருட்டு ஆந்தைகூடத் தடவிப் பார்த்து ஒத்துக்கொண்டது.

"குடையத் தெரியுதில்ல? வேற மரத்துல புதுசா குடைஞ்சுக்கோ!" என்றது சடச்சி.

"அதுக்குப் பல வாரம் ஆகும். எனக்கு மூணு நாள்தான் இருக்கு. என் வீடு இங்க இருக்கறப்ப நான் எதுக்குடி வேற மரம் தேடணும்?"

கடமான் தொண்டையைச் செருமினார். "இதை அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துல..."

பவளாயி காத்திருக்கவில்லை. பொந்துக்குள் புகுந்து குப்பையை இழுத்து வெளியே எறிந்தாள். பிளாஸ்டிக் பை கடமானின் மூக்கில் போய் விழுந்தது. பச்சையப்பன் வந்து சேர்ந்தான். மற்ற கிளிகளும் பறந்து வந்தன.

"ஐயோ, என் குஞ்சுங்க!" என்று சடச்சி அலறியது.

"கத்தாதே! உன் குஞ்சு இருக்கற பொந்தை யாரும் தொட மாட்டோம்" என்றாள் பவளாயி. "வீட்டைப் பிடுங்கினா எப்படி வலிக்கும்னு எங்களுக்குத் தெரியும். அது உனக்கு. அஞ்சு எங்களுக்கு. மிச்சம் ஒண்ணு, அடுத்து யாருக்கு முட்டை வருதோ அவங்களுக்கு!"

சடச்சி தன் குஞ்சுகள் இருந்த பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் விடியும்போது பவளாயி முதல் முட்டையை இட்டாள். அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. அதோடேயே இறக்கையை விரித்து முட்டையை மூடி உட்கார்ந்தாள்.

விரட்டப்பட்டவர்கள் திரும்பி வரும்போது வாயார வரவேற்றால் மட்டும் போதாது, அவர்கள் வீட்டை அவர்களிடம் கொடுத்தால்தான் அது நியாயம்.