கடைசி இலைவரை ரசம்

நாச்சியப்ப சுவாமியின் மடத்தில் விறகடுப்பில் சமைத்தே தலை நரைத்தவர் வையாபுரி. சுவாமியைவிட மூத்தவர்; ஆனாலும் அவருடைய சீடர். அடுப்புப் புகை அவர் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. ஒருநாள் பந்தியில் ரசவாளியோடு நாலாவது இலையிலேயே நின்றுபோனார். வாளி வேறு கைக்குப் போனது. அன்று கட்டிலில் படுத்தவர், அவசியத்துக்குத் தவிர எழவில்லை.

பெரியாஸ்பத்திரியில் உறிஞ்சும் மருந்து கொடுத்து, தினமும் நடக்கவும் கைகால் பயிற்சி செய்யவும் சொல்லியிருந்தார்கள். மருந்தை உறிஞ்சினார். நடக்கவில்லை.

"ஏன்?" என்றார் சுவாமி.

"இருக்கிறதே கொஞ்சம் மூச்சு. அதையும் நடந்து தொலைக்கவா? நெஞ்சில் நோய், காலுக்கு வைத்தியம். நல்ல டாக்டர்!"

"நடந்தால் நெஞ்சு சரியாகுமாமா?"

"கெட்டது கெட்டதுதானாம்."

சுவாமி கட்டிலைத் தோட்டத்தில் போடச் சொன்னார். மழைக்குப் பிறகு தண்ணீரே பாயாத வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. மோட்டாரைப் போட்டார். கிணற்றில் ஊற்று குறைவு. குழாயில் விரல் பருமனுக்குத்தான் வந்தது. இரண்டாவது வாழைக்குப் போகுமுன் கிணறு வற்றியது.

"காய்ந்த வாய்க்கால், சுவாமி. வாழைக்கு விடாது, தானே குடித்துவிடும்."

மறுநாளும் சுவாமி மோட்டார் போட்டார். அதற்கு மறுநாளும்.

"கரண்டுக்குப் பிடித்த கேடு" என்று முணுமுணுத்தார் வையாபுரி.

வெடிப்புகள் மெல்ல மூடின. ஒரு காலையில் கடைசி வாழையின் அடி நனைந்தது.

"ஊற்று பெருகிவிட்டதா, பாருங்கள்" என்றார் சுவாமி.

வையாபுரி எழுந்து குழாயைப் பார்த்தார். "அதே விரல் பருமன்தான்."

நனைந்த வாய்க்காலைப் பார்த்தார்; குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, "என் செருப்பு எங்கே?" என்றார்.

முதல்நாள் வேப்பமரம்வரை. மூச்சு முட்டினால் நின்று, அடுப்பூதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விட்டார். கைக்கு, தண்ணீர்ச் செம்பைத் தூக்கித் தூக்கி இறக்கினார். பிறகு கிணறு. பிறகு மதில்.

மாசி மாதப் பந்தியில் வாளியை அவரே எடுத்தார். பாதி வாளிதான். நடுவில் நின்றார்.

"ஐயா, ரசம் ஆறுகிறது!" என்றது ஒரு குரல்.

"ஆறினால் வாய் வேகாது. இரு."

கடைசி இலை சுவாமியுடையது.

"நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது, சுவாமி" என்றார் வையாபுரி, இளைத்தபடி.

சுவாமி சோற்றில் குழி செய்தார்.

"இந்த இலைக்கு வந்துவிட்டீர்களே. ரசத்தை ஊற்றுங்கள்."