தவளைகள் குடிவரும் அரண்மனை

முன்பொரு காலத்தில், ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டை வீரகேது என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் தூக்கம் கெட்டால் வேறு ஆளாகிவிடுவார். அந்த வருடம் மழை வெளுத்து வாங்கியதில் அரண்மனையை ஒட்டிய ஏரி தளும்பி நின்றது. தவளைகள் இரவெல்லாம் கச்சேரி நடத்தின. மன்னர் சிவந்த கண்களோடு அவைக்கு வந்து, இதற்கு என்ன வழி என்று கேட்டார். கரையை வெட்டி ஏரியை வடித்துவிடலாம் என்றார் அமைச்சர் காளத்தியார். அப்படியே செய்யுங்கள் என்று மன்னர் ஆணையிட்டார்.

அந்தத் தண்ணீரை நம்பித் தென்கரை என்ற ஊரில் நெல் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. சேதி கேட்டு அவ்வூர்க் குடியானவர் மாடக்கண்ணு ஓடி வந்தார். நியாயம் முழுவதும் அவர் பக்கம்தான். ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"ஒருத்தர் தூங்கறதுக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா, சாமி?" என்று கேட்டுவிட்டார்.

மன்னருக்குச் சுருக்கென்றது. மாடக்கண்ணுவைக் காவலில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையிலேயே கரையை வெட்டச் சொன்னார்.

அவையின் விகடகவி மருதநம்பி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். இனி யார் நியாயம் பேசினாலும் மன்னர் இறங்கி வரமாட்டார் என்பது அவனுக்குப் புரிந்தது. இறங்கினால் ஒரு குடியானவனிடம் தோற்றதாகிவிடுமே. கொஞ்சம் சிரிக்க வைத்தால் ஒருவேளை மனம் இளகும்.

அந்த வழியையும் காளத்தியார் அடைத்துவிட்டார். மருதநம்பி பேசினால் மன்னர் காது கொடுக்கிறார், தாம் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்று அவருக்கு நெடுநாள் புழுக்கம். அரசு காரியம் சிரிப்பில் முடிவாகிறதென்று அயல்நாட்டார் கேலி பேசுவதாக மன்னர் காதில் போட்டுவைத்தார். மாலைக்குள் இன்னோர் ஆணை பிறந்தது. அவையில் மன்னரைச் சிரிக்க வைப்பவர் யாராயினும் அன்றே நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

மருதநம்பிக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டையைக் கட்டி வைக்கட்டுமா என்று மனைவி கேட்டாள். கட்டி வை என்றான்.

காலையில் மண்வெட்டிகளோடு ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். மருதநம்பி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவையில் வணங்கினான்.

"அரசே, தங்கள் ஆணையை நிறைவேற்றுவதில் சில ஐயங்கள் உள்ளன."

"கேள். சிரிக்க வைத்தால் என்ன ஆகும் என்பது நினைவிருக்கட்டும்."

"ஏரி வற்றினால் தவளைகள் வேறு தண்ணீரைத் தேடும். அருகில் இருப்பது தங்கள் பள்ளியறைச் சன்னலுக்குக் கீழே உள்ள அல்லிக்குளம் ஒன்றுதான். அவை குடிவரும்போது வாயிலில் நின்று வரவேற்பது யார்? மேளதாளத்துக்குச் சொல்ல வேண்டுமா, அவையே பாடிக்கொண்டு வந்துவிடுமா?"

மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மருதநம்பியின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"குளம் நிரம்பிவிட்டால் மிச்சமுள்ளவற்றை அமைச்சர் வீட்டுத் தொட்டியில் தங்கவைக்கலாம். யோசனை அவருடையது அல்லவா?"

காளத்தியார் பதறி எழுந்தார். "தொட்டி மிகச் சிறியது, அரசே. நாற்பது தவளைகளுக்கு மேல் தாங்காது."

மன்னர் வெடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மருதநம்பி சிரிக்க வைத்துவிட்டான், வெளியேற்றுங்கள் என்றார் காளத்தியார்.

"நான் பேசியபோது மன்னர் சிரிக்கவில்லை, ஐயா. அவையே சாட்சி. தாங்கள் தொட்டியின் கொள்ளளவைச் சொன்னபோதுதான் சிரித்தார்" என்றான் மருதநம்பி.

காளத்தியாரின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க மருதநம்பிக்கே பாவமாக இருந்தது.

"அரசே, என் வீட்டில் மூட்டை தயாராக இருக்கிறது. அமைச்சர் வீட்டில் யாரும் கட்டியிருக்கமாட்டார்கள். அவருக்காகவேனும் அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும்."

மன்னர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். "ஆணை போகட்டும். என் தூக்கத்துக்கு என்ன வழி?"

"ஏரியை நகர்த்துவதைவிடக் கட்டிலை நகர்த்துவது எளிது, அரசே."

வடக்கு மாளிகையில் தவளைச் சத்தம் கேட்காது என்று காளத்தியார் மெதுவாகச் சொன்னார். நல்ல யோசனை என்றார் மன்னர். காளத்தியாருக்கு உயிர் வந்தது.

மண்வெட்டிகள் திரும்பிப் போயின. மாடக்கண்ணுவைக் காவலிலிருந்து விடுவித்து அழைத்து வந்தார்கள். மன்னர் அவரிடம், ஏரியை வடிக்கக்கூடாது என்றுதானே நீயும் சொன்னாய், பிறகு ஏன் என் காதில் அது ஏறவில்லை என்று கேட்டார்.

மாடக்கண்ணு யோசித்தார். "நான் சொன்னப்போ உங்களுக்குக் கோவம் வந்துச்சு, சாமி. கோவம் வந்தா காது அடைச்சுக்கும். எனக்கும் அப்படித்தான். எம் பொண்டாட்டி சொல்லுவா."

மன்னர் மறுபடியும் சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மருதநம்பிக்குப் போர்த்தினார். கையிலிருந்த முத்துக் கடகத்தைக் கழற்றி, உன் மனைவியிடம் கொடு என்று மாடக்கண்ணுவிடம் நீட்டினார்.